கடைசி வரியை மனப்பாடம் செய்தவன்

ரேவதிக்கு,

உன் லேப்டாப் பைக்குள் இத்தனை காகிதத்தை யார் திணித்தது என்று அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே. திணித்தது நான்தான். ஒரே வீட்டில், ஒரே டிவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை குக்கர் விசில் அடித்தது. இரண்டாம் தடவை உன் ஆபீஸ் கேப் கீழே வந்து ஹாரன் அடித்தது. மூன்றாம் தடவை யாரும் எதையும் அடிக்கவில்லை, ஆனாலும் எனக்குச் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகுதான் தெருமுனைக் கடையில் கோடு போட்ட தாள் வாங்கிவந்தேன். நீ வேலைக்குப் போன பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டால் வரி நேராக வருகிறது. அசந்துபோய்க் கையை எடுத்த இடங்களில் எழுத்து கோட்டை விட்டு ஏறியிருக்கும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவிலிருந்து அவர்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள் இல்லையா. எனக்குப் பையனைப் பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக, ஜோடியாக வைத்தான். இடது பக்கம் என்ன கிடக்கிறது என்று தெரியாத ஒருவன் இருக்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. உனக்கும் அவனைப் பிடித்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனின் அத்தைதான் உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தாடையில இன்னாம்மா அது, தழும்பா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, கண்ணில் பட்டதைக் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, “சின்ன வயசுல அப்பாவோட மொபெட்ல போறப்ப காலை ஆட்டிக்கினே போயி வண்டியக் கவுத்துட்டேன் ஆன்ட்டி. அப்போ நான் பயங்கர வாலு” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினான்கு வருஷமாக அந்தப் பொய்க்கு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ரேவதி.

அன்று சாயங்காலம் டம்ளர் கழுவும்போது நீ அம்மாவிடம் பேசியதும் என் காதில் விழுந்தது. காது இரண்டும் எனக்கு நன்றாகவே இருக்கிறது. கல்யாணத்துக்குக் கண்ணாடி வேண்டாம், லென்ஸ் போடலாம் என்று நீ போன இடத்தில், மைனஸ் ஒன்பது பவர் இருக்கிறது, மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “கல்யாணம் முடியட்டும்மா. இப்போ போயி அவங்க எதுனா சொல்லி, அது அந்த வீட்டுக்குத் தெரிஞ்சா? அப்பாவுக்கும் இருந்திச்சு, பொண்ணுக்கும் இருக்குதுன்னு ஆயிடும்” என்றாய். அம்மாவும், “ஆமா, இப்போ எதுக்கு, ரெண்டு மாசந்தானே” என்றாள். அந்தச் சீட்டு இந்தப் பைக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது, தேடினால் கிடைக்கும். அம்மாவின் மேல் தப்பில்லை. அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை அவளிடமும் நான் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றில் உனக்கு ஏழு வயது. நான் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிவருகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், வேலை நேரமெல்லாம் இருட்டில் இருந்தவர். அவர் பையன் பெங்களூரில் வெளிச்சத்தில், அத்தனை பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்கிறான் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை உனக்கு எப்படிச் சொல்வது. சின்ன வயதிலிருந்தே நானும் கண்ணாடிக்காரன்தான், கண்ணாடியோடுதான் லைசென்ஸ். ஒருநாள் காலை, மல்லேஸ்வரம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது இடது ஓரத்தில் பளீர் பளீரென்று ஏதோ வெட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் எவனோ லைட் அடிக்கிறான் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டேன். யாரும் தாண்டிப் போகவில்லை. இரண்டு நாள் கழித்துக் கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. கொசு என்று நினைத்துக் கையால் விரட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், “டிரைவர் யாருக்குப்பா டாட்டா காட்றாரு” என்று கேலி செய்தார்கள். அப்புறம் கீழே, இடது மூலையில், ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது.

அந்த வாரம்தான் எங்களுக்கு வருஷாந்திர மருத்துவச் சோதனை. அதில் தேறாவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கித் தொழிற்சாலைக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிடுவார்கள். அதற்காக டிரைவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதலில் உள்ளே போகிறவர் வெளியே வந்ததும், பீடி பற்றவைப்பதற்கு முன்னால், எழுத்துப் பலகையின் கடைசி வரியை வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். கண் மங்கிப்போன இரண்டு மூன்று பேருக்காக, நன்றாகத் தெரிகிறவர்களும் சேர்ந்து அதை மனப்பாடம் செய்வோம். யாரும் அதைப் பித்தலாட்டம் என்று நினைக்கவில்லை. ஒருத்தர் சோறு இன்னொருத்தர் கையில் என்று நினைத்தோம். அந்த வருஷம் முதலில் போனவர் மஸ்தான் பாய், என் பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸை ஓட்டியவர். வெளியே வந்து, “பி, டி, எல், எஃப், ஓ” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு என் தோளைத் தட்டினார். “கடகடன்னு ஒப்பிக்காத அண்ணா. எஃப் கிட்ட கொஞ்சம் திணறு. அப்போதான் டாக்டர் நம்புவாரு.”

நான் திணறினேன். வலது கண்ணை மூடச் சொன்னதும் பலகை முழுவதும் புகைக்குப் பின்னால் போய்விட்டது. எழுத்துகள் இருக்கின்றன என்பதே ஒரு நினைப்புத்தான். பி, டி, எல் என்று சொல்லி, எஃப் வந்ததும் கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, நாடகமாடி முடித்தேன். டாக்டர் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து மஸ்தான் பாயிடம் பீடி வாங்கிப் பிடித்தேன், அவ்வளவு நிம்மதி. அந்தப் பலகை ஒன்றுதான் அன்றைக்கு என் கண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சாமான். அதைத்தான் நான் ஏமாற்றினேன். உனக்கு நான் சொல்ல வந்ததில் இதுதான் முதல் விஷயம்.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் ஓட்டினேன். பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஐம்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை. பத்தாம் நாள் காலை, அம்மா காபியோடு எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். விளையாட்டுப் போல வலது கண்ணை மூடிப் பார்த்தேன். அவள் நெற்றி இருந்தது, பொட்டு இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா மருந்து விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மழையில் சுவரில் ஒட்டின சினிமா போஸ்டர் எப்படிக் கழன்று வரும், அப்படித்தான் உள்ளே விழித்திரைப் படலம் கழன்று வருகிறது என்றார். ஓரத்தில் ஒரு கிழிசல், அது வழியாகத் தண்ணீர் பின்னால் புகுந்து படலத்தைத் தள்ளிக்கொண்டே வருகிறது. “எத்தனை நாளா இப்படி இருக்குது?” என்று கேட்டார். பக்கத்தில் உன் அம்மா நின்றிருந்தாள். “நாலு நாளா மேடம்” என்றேன். “நாலு நாள்தானா? பார்த்தா அப்படித் தெரியலையே” என்றார். நான் தரையைப் பார்த்தேன். நடு மையமும் கழன்றுவிட்டது, ஒட்ட வைத்துவிடலாம், பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மையம் ஒட்டியிருக்கும்போதே வந்திருந்தால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா இன்று வரைக்கும் நாலு நாள் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இந்த வாரம் சொல்லப்போகிறேன். திட்டுவாள். திட்டட்டும்.

ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி ஒரு சிலிக்கான் பட்டை கட்டினார்கள். அது இன்றும் உள்ளேதான் இருக்கிறது. உள்ளே காற்றுக் குமிழி ஒன்று விட்டு, அது படலத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பத்து நாள் தலையைக் கவிழ்த்தே இருக்கச் சொன்னார்கள். ஒக்கலிபுரத்து ஒற்றை அறை வீட்டில், கட்டில் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். எனக்குத் தெரிந்த உலகம் நாலு சிவப்புத் தரைக்கல்தான். இரண்டாம் நாள் நீ ஸ்கூலிலிருந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், பையைப் போட்டுவிட்டு நேராக என் தலைக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாய். “அப்பா, இப்போ நான் தெரியறனா?” என்று கேட்டாய். தெரிந்தாய். வலது கண்ணுக்கு முழு முகத்தோடு தெரிந்தாய், முன்பல் இரண்டு இல்லாமல். பத்து நாளும் சாயங்காலம் அங்கேயே படுத்து, கன்னடப் பாடப் புத்தகத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு எனக்குச் சத்தமாக வாசித்தாய். தரை சில்லென்று இருக்குது, எழுந்திரு என்று அம்மா அதட்டினாள், நீ எழுந்திருக்கவே இல்லை. என் கண்ணீர் உன் கன்னத்தில் விழுந்தபோது கண் மருந்து என்று சொன்னேன். அதுவும் பொய்தான், ஆனால் அதை மட்டும் நீ மன்னித்துவிடலாம்.

ஆபரேஷன் ஜெயித்ததா என்று ஆட்கள் கேட்பார்கள். ஜெயித்தது. இந்தப் பதினாறு வருஷமும், வருஷா வருஷம், டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா ஒட்டியிருக்குது” என்று ஃபைலில் எழுதுகிறார். அவருடைய கணக்கில் நான் முழு வெற்றி. அவர் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அவர் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் சுத்தமாக இருட்டு. ஆறேழு மாதம் வரைக்கும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, அப்புறம் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. இடையில் அதே கண்ணில் புரை விழுந்து அதையும் எடுத்தார்கள். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் ஜன்னல் கம்பி நடுவில் வளைந்திருக்கும். முகங்கள் கொஞ்சம் சின்னதாக, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். உன் அம்மா அந்தக் கண்ணுக்கு இன்னும் ஒல்லியாகத்தான் தெரிகிறாள், அவளிடம் சொன்னால் கோபம் வருமா சந்தோஷம் வருமா தெரியவில்லை. பெரிய எழுத்தில் நாலு வரி படிக்கலாம். கடைசி வரியைப் படிக்க முடியாது. மனப்பாடமாக மட்டும் தெரியும், பி, டி, எல், எஃப், ஓ.

ஃபைலில் எழுத இடமில்லாத சங்கதிகள் வேறே இருக்கின்றன. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாததால் ஆழம் தெரியாது. படியின் கடைசிப் படி எங்கே என்று காலால்தான் தேட வேண்டும். செம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றினால் பாதி மேசைக்குப் போகும். அதற்காக நீ கண்டுபிடித்த வழிதான் இன்று வரைக்கும் நம் வீட்டில் நடக்கிறது: யார் பக்கத்தில் இருந்தாலும் டம்ளரின் விளிம்பைச் செம்பின் வாயில் தொட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னாலும் நீ பேச்சுவாக்கில் தொட்டுக் கொடுத்தாய், நீ செய்தது உனக்கே தெரிந்திருக்காது. தெருவில் நடந்தால் நீ என் இடது பக்கம் வந்துவிடுவாய். பத்து வயதிலிருந்து அப்படித்தான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

இப்போது தழும்புக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்தான் போய்விட்டது, மொபெட்டாவது இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. கொஞ்ச நாளைக்கு வண்டி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எல்லாம் பழகிவிட்டது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். தொண்ணூற்று ஐந்தில், உனக்கு ஒன்பது வயது, ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ரயில்வே பாலத்துக்குக் கீழே திரும்பும் இடத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. நான் பார்க்கவில்லை, ரேவதி. மெதுவாகத்தான் வந்திருக்கிறது, ஹாரனும் அடித்திருக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்தில் ஆட்டோவே இல்லை. இடித்த பிறகுதான் அது இருந்தது. நீ தரையில் கிடந்தாய், தாடையிலிருந்து ரத்தம் யூனிஃபார்மில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரன் இறங்கி வந்து, “ஏன் சார், கண்ணு காணல்வா?” என்று கன்னடத்தில் கத்தினான். கோபத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான், கண் தெரியவில்லையா என்று. எனக்கு மட்டும் அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று பட்டது. கூட்டம் கூடிவிட்டது. பின்னால் உட்கார்ந்து குழந்தை காலை ஆட்டிக்கொண்டே வந்தாள், அதனால்தான் வண்டி சாய்ந்தது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

நீ காலை ஆட்டவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தாய். நாலு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், “நான்தாம்மா காலை ஆட்டினேன்” என்று நீயே அம்மாவிடம் சொன்னாய். அடியும் வாங்கினாய். நான் சொன்னதை நீ நம்பிவிட்டாயா, இல்லை என்னைக் காப்பாற்றச் சொன்னாயா என்று பதினான்கு வருஷமாக யோசிக்கிறேன். இரண்டில் எது என்றாலும் என்னால் தலை நிமிர முடியவில்லை. அடுத்த வாரமே மொபெட்டை விற்றுவிட்டேன். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று காரணம் சொன்னேன். என்னை மன்னித்துவிடு, ரேவதி. இதைச் சொல்லத்தான் மூன்று தடவை வாயைத் திறந்தேன்.

இன்னொன்றும் என் தப்புதான். அப்பாவுக்கு வந்திருக்கிறது, பெண்ணுக்குக் கண்ணாடி பவர் ஏறுகிறது, வருஷம் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று டாக்டரம்மா அப்போதே சொன்னார். இரண்டு வருஷம் கூட்டிப் போனேன். அப்புறம் உன் பரீட்சை, காலேஜ், வேலை என்று விட்டுப்போனது. விட்டுப்போனது என்று எழுதுவது சுலபம். அந்த நாற்காலியில் நீ உட்கார, அவர் விளக்கை அடித்துப் பார்த்து, ஏதாவது சொல்லிவிடுவாரோ என்கிற பயம்தான் என்னை விட்டுவிட வைத்தது. நீ அம்மாவிடம் சொன்ன அதே பயம். அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் அந்தப் பயத்தின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்த ஆள் நான். மருந்து விட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் எங்காவது மெலிந்திருந்தால் லேசர் வைத்துச் சுற்றிலும் தைத்த மாதிரி ஆக்கிவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். போஸ்டர் கழன்ற பிறகு ஒட்டுவது வேறு, கழலுவதற்கு முன்னால் ஓரத்தை அழுத்திவிடுவது வேறு. ஒட்டிய பிறகும் அது பழைய போஸ்டர் இல்லை. நான் இழந்ததை ஆபரேஷன் அறையில் இழக்கவில்லை. அதற்கு முன்னால், இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு வாரம் என்று நான் தள்ளிப்போட்ட நாட்களில் இழந்தேன். உனக்கு மின்னல் வெட்டினாலோ, புள்ளி மிதந்தாலோ, நிழல் வந்தாலோ அந்த நிமிஷமே ஓட வேண்டும், அது முகூர்த்த நேரமாக இருந்தாலும் சரி. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பார், அப்புறம் அடுத்த கண்.

அந்த வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். உன் கண்ணைப் பற்றி அவனிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உன் இஷ்டம். தழும்பு மட்டும் என் விஷயம். அடுத்த ஞாயிறு அவர்கள் தேதி குறிக்க வரும்போது, அந்த அத்தையிடம், பெண் வாலு இல்லை, அப்பாவுக்குத்தான் கண் தெரியவில்லை என்று நானே சொல்லிவிடுவேன். ஆட்டோக்காரன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த அத்தையிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை பத்து மணிக்கு, டாக்டரம்மாவிடம் உன் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். என் பழைய ஃபைலையும் எடுத்து வைத்துவிட்டேன். எத்தனை நாள் என்று அன்று அவர் கேட்டதற்கு இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் சொல்லப்போகிறேன், பதினாறு வருஷம் தாமதமாக. மருந்து விட்டால் மூன்று நாலு மணி நேரத்துக்கு உனக்கு இரண்டு கண்ணும் கூசும், மங்கலாக இருக்கும். ஸ்கூட்டியை எடுக்காதே, பஸ்ஸில் போகலாம். திரும்பி வரும்போது நீ வழக்கம்போல என் இடது பக்கமே நட, எனக்கு அது பழகிவிட்டது. படி எங்கே இருக்கிறது, வண்டி எங்கே வருகிறது என்று அன்றைக்கு மட்டும் நான் சொல்லிக்கொண்டு வருகிறேன். நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா வந்தால் போதும், அன்றைக்கு மொபெட்டில் உட்கார்ந்து வந்த மாதிரி.

அப்பா